காத்துக்கு விரிச்ச பாய்

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிற வீடு ஒன்று பொட்டக்குளத்தில் இருந்தது. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் பூவாயி. வாய் திறந்து பேசவே கூச்சப்படுவாள். ஆனால் மகனுக்கு ஒரு வயசு முடியுமுன் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்திவிட வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாய் இருந்தாள். மறுநாள் பிறந்தநாள். தம்பி இருளாண்டியோ கடலுக்கு நடுவே ஒரு தீவில் கடை வைத்திருந்தான்.

"அவனை இங்க வரச்சொல்லுங்க மதினி," என்றான் கொழுந்தன் சோணை.

புருசன் வைரவன் நெற்றியைத் தேய்த்தான். "வருவான்டா. மடியை எப்படிடா கொண்டு வருவான்? எந்திரிச்சா மடி காணாமப் போயிருமே!"

பூவாயி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள். புருசன் சொல்வது நிசந்தான். விடிந்ததும் சீர்த்தட்டோடு கடற்கரைக்குப் போய்விட்டார்கள்.

சந்தியாகு என்கிற மீன்காரர் தன் பாய்மரப் படகை இரவல் கொடுத்தார். அதற்குள் மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்துவிட்டது. "பாயை விரிங்க. காத்து வந்து ஏறிக்கும். ஏறினதும் கயித்தை அவுத்து விடுங்க. அப்புறம் எல்லாத்தையும் காத்து பாத்துக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

படகில் பாயைத் தேடினார்கள். கம்பத்தில் சுருட்டிக் கட்டிய அழுக்குத் துணிதான் இருந்தது. அதை அவிழ்த்துப் பூவாயி தென்னை மரத்தில் தூளி கட்டி, பிள்ளையைப் போட்டாள். சோணை வீட்டுக்கு ஓடி, கல்யாணக் கோரைப்பாயைக் கொண்டுவந்து படகில் விரித்தான். மூவரும் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். படகு அசையவில்லை.

"காத்துக்கு விரிச்ச பாயில நாம குந்தியிருந்தா அது எங்க உக்காரும்?" என்றான் வைரவன்.

"ஆமாண்ணே. மரியாதை தெரிஞ்ச காத்து. நின்னுக்கிட்டிருக்கு."

எல்லாரும் இறங்கினார்கள். காற்றை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று பூவாயி சீர்த்தட்டைப் பாய்மேல் வைத்தாள். கரையிலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து பாயின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது.

"ஏறிடுச்சு! கயித்தை அவுத்து விடுடா!" என்றான் வைரவன்.

சோணை அவிழ்த்துவிட்டான். படகு ஆடி ஆடித் தீவைப் பார்த்துப் போனது.

பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, நாம இங்கேயே நிக்கிறோமே?"

"எல்லாத்தையும் காத்து பாத்துக்கும்னு அவரு சொன்னாருல்ல. நீ சும்மா இரு புள்ள."

உச்சிவேளை தாண்டியது. தீவுக்காரர் ஒருவர் அந்தப் படகைத் தன் படகில் கட்டி இழுத்துவந்தார். பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் இருளாண்டி. பக்கத்தில் ஊசியோடு ஆசாரி.

"எந்திரிக்காமலே வந்துட்டேன்க்கா!" என்று கத்தினான் தம்பி. "மடியைப் பத்திரமா கொண்டாந்திருக்கேன்."

பூவாயிக்கு உயிர் திரும்பியது. தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "வச்சுக்கடா தம்பி, மடியில. பொழுது சாயறதுக்குள்ள குத்திரலாம்."

"இன்னும் என்னத்தைக் குத்த? அதான் சீர்த்தட்டோட நீ அனுப்புன காத்தை மடியில உக்கார வச்சுக் குத்தியாச்சே! துளி அழுகை இல்ல. கம்மல்தான் எங்க மாட்டினாலும் நிக்கல."

"மொட்டை போட்டியா மாப்ள?" என்று கேட்டான் வைரவன்.

"தேவையே இல்ல மச்சான். மொட்டையாத்தான் வந்துச்சு."

பூவாயி பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "ஆனா இவனுக்கு ஓட்டையைக் காணோமே?" என்றாள்.

வைரவன் அவளைப் பாவமாய்ப் பார்த்தான். "காத்துல போட்ட ஓட்டை புள்ள. கண்ணுக்கா தெரியும்?"

அது சரிதான் என்று பூவாயிக்கும் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், குத்தின இடம் வலிக்குமே என்று காத்துக்கு ஊதிவிட்டுக்கொண்டே போனாள்.