முடிச்சுக்குக் கீழே எட்டுக் கிளை

"ஒட்டுக் கட்டினவன் தூங்கினா..." என்று கூத்தபிரானின் தாய்மாமன் எதற்கெடுத்தாலும் ஆரம்பிப்பார். மீதி என்ன? பூவனூர் அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்கு அதுமட்டும் நினைவுக்கு வரவில்லை. வந்தாக வேண்டும். தோட்டக்காரன் காளத்தியின் வலது கை போகப்போகிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ராஜா சிங்கம நாயக்கர் பக்கத்துப் பாளையத்திலிருந்து ஒரு தேன்மாங்கொம்பு கொண்டுவந்தார். அரண்மனைக் காட்டுமாவை இடுப்பளவில் வெட்டி, அதில் ஒட்டுக் கட்டினான் காளத்தி. இன்று முதல் பழம். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க ராஜா கடித்தார். கடித்த வாய் காதுவரை கோணிக்கொண்டது. அப்படி ஒரு புளிப்பு!

"கட்டின கையை வெட்டு!"

"உச்சிப்பொழுதுக்குள் வெட்டிவிடலாம், மகாராஜா" என்றார் தளவாய் வேலப்பர். ராஜா தும்முவதற்கு முன்பே நூறாயுசு சொல்கிறவர்.

கூத்தபிரான் மரத்தடிக்கு ஓடினார். ஒட்டு முடிச்சுக்கு மேலே சுண்டுவிரல் பருமனில் ஒரே கொம்பு, நிழலில் சோகை பிடித்து நின்றது. முடிச்சுக்குக் கீழே காட்டுமா எட்டுக் கிளை விட்டு, தூண் தூணாகப் பருத்துக் காய்த்திருந்தது.

"ஒட்டுக்குக் கீழே வந்த காட்டுத்துளிரைக் கிள்ளலையாடா, காளத்தி?"

"எங்க சாமி கிள்ள? ராஜா மரத்துல நகம் படக்கூடாதுன்னு தளவாய் உத்தரவு. எட்டுக் காவக்காரனப் போட்டாரு. கிட்டப் போனா ஈட்டிய நீட்டுறானுவ."

மீதி நினைவுக்கு வந்துவிட்டது: அடிமரம் முழிச்சுக்கும்.

கூத்தபிரான் ராஜாவை மரத்தடிக்கே அழைத்து வந்தார். தளவாயும் கூடவே வந்தார்.

"மகாராஜா, மரம் என்ன செழிப்பு பாருங்கள்! காத்தவருக்கு ஒரு பட்டுப் போர்த்த வேண்டாமா?"

தளவாய் முந்திக்கொண்டார். "அடியேன்தான்! ஒரு துளிரைக் கிள்ள விட்டேனா? இந்தக் காளத்தி எத்தனை தரம் கத்தியோடு வந்தான்! அத்தனை தரமும் விரட்டினேன்."

"அப்படியானால் உச்சிப்பொழுதுவரை காத்திருக்க வேண்டாம், மகாராஜா. காளத்தியின் கையைத் தளவாய் ஐந்து வருஷத்துக்கு முன்பே வெட்டிவிட்டார். நீங்கள் கடித்தது அவர் காத்து வளர்த்த காட்டுமாங்காய்."

ராஜாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ராஜாக்களுக்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

"காவலுக்கு யார் யாரைப் போட்டீர்?"

"நம்ம... அடியேனின் மைத்துனர்கள்தான்."

"எட்டுப் பேருமா?"

"முடிச்சுக்குக் கீழே எட்டு" என்றார் கூத்தபிரான். "மேலே நீங்கள் ஒருவர்தான், மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பாதியில் நிறுத்தினார். இடுப்புக் கத்தியை உருவிக் காளத்தியிடம் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் எட்டுக் கிளைகளையும் அறுக்கச் சொன்னார். எட்டு மைத்துனர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்.