லேடீஸ்ல வராத செருப்பு

நான் சொல்லப்போவதில் பொய் என்று பார்த்தால் ஒரு கால் அளவுதான் இருக்கும். அதுவும் என் கால். ஐந்தாம் நம்பர். சின்னக் கால்தான்.

தூத்துக்குடியில் பதினான்கு செருப்புக் கடை ஏறி இறங்கிவிட்டு, பதினைந்தாவது கடையில் வைத்து இதையெல்லாம் சொன்னேன். மாடியில் இருக்கிற கடை. கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் கடைக்காரர் முத்துக்குட்டி அண்ணாச்சி. இன்னொருவர் மகன் கல்யாணத்துக்குச் செருப்பு எடுக்க வந்திருந்த இந்திராணி டீச்சர். கணக்கு டீச்சர், அதனால் எதையும் சும்மா விடமாட்டார். மூன்றாவது என் மாமியார் அமலோற்பவம். மாமியார் மடியில் என் ஏழு மாத மகன் லெவின்.

அவன் ஏன் என் மடியில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வீட்டு மாடிப்படியில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது என் செருப்பு வழுக்கியது. நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டு என்று நினைத்து இன்னொரு தடவை என்பதுபோலச் சிரித்தான். நான்தான் அன்றிலிருந்து படி என்றாலே இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். மாமியார் அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டார். "வழுக்காத செருப்பு ஒண்ணு வாங்கு. அப்புறமா பிள்ளைய வாங்கிக்க. அதுவரைக்கும் படியில அவன் என் கையிலதான்." இது பொய்யில்லை. பொய் இனிமேல்தான்.

"அண்ணாச்சி, தட்டையா, வழுக்காத, கடிக்காத செருப்பு ஒண்ணு வேணும்" என்றேன்.

அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லேடீஸ்ல அது வராதும்மா."

பதினைந்து கடையிலும் இதே வேதவாக்கு.

"கல்லு வச்சது இருக்கு, முத்து வச்சது இருக்கு. இந்தா, மயில் வச்சது. புது மாடல்."

"மயில் வச்சது போன வாரமே வாங்கிட்டேன் அண்ணாச்சி. பஸ்ல போறப்ப மேகம் கருத்துது. பட்டுனு தோகைய விரிச்சிட்டுது. மூணு பேர் சீட்டு காலி. கண்டக்டர் என்னையும் செருப்பையும் சேத்து இறக்கி விட்டுட்டார்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செருப்புல மயிலு பிளாஸ்டிக்தானே?"

"பிளாஸ்டிக்தான் டீச்சர். அதுவே இந்தப் பாடு. நிஜ மயிலா இருந்தா யோசிச்சுப் பாருங்க."

அண்ணாச்சி இப்போது திரும்பிவிட்டார். எனக்கு அது போதும்.

"அடுத்த கடையில ஹீல்ஸ் குடுத்தாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எத்தனை இஞ்ச்?" என்றார் டீச்சர்.

"இஞ்ச்சா? போட்டு நிமிந்தேன், துறைமுகத்து லைட் ஹவுஸ் என் இடுப்புக்கு வந்துது. உள்ள இருந்தவர் எட்டிப் பாத்து, 'யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு, கப்பலுக்கு மறைக்குது'ன்னார். தள்ளி நிக்கப் போனேன், ஹீலு ஒடிஞ்சிட்டுது. விழுந்தேன் பாருங்க, அப்படி ஒரு விழுகை. காலையில விழ ஆரம்பிச்சேன், பாதி வழியில பசி எடுத்துட்டுது."

விழுந்தேன் என்றதும் மாமியாரின் கை லெவினைச் சுற்றி இறுகியதைப் பார்த்தேன். பேச்சை உடனே மாற்றினேன்.

"சரி, அதை விடுங்க. கடிதான் பெரிய கதை."

"செருப்புன்னா முதல்ல ரெண்டு நாள் கடிக்கத்தாம்மா செய்யும்" என்றார் அண்ணாச்சி, ஏதோ பெற்ற பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற மாதிரி.

"கடிக்கறதுக்கும் ஒரு மரியாதை இல்லையா அண்ணாச்சி? கடை வாசல்ல குதிகாலைக் கடிச்சுது. முக்குத் திரும்பறதுக்குள்ள கணுக்கால். டாக்டர்கிட்ட ஓடினேன். 'நாய்க்கடியா, பாம்புக்கடியா?'ன்னார். செருப்புக்கடின்னேன். 'ஊசி போட்டுடலாம். ஆனா கடிச்சதைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. வெறி இருக்கான்னு தெரியணும்'னுட்டார். வாசல்ல கட்டிப்போட்டேன். நாலு நாளா பால்காரர் தெருவுக்குள்ளயே வரலை."

"இவ வாய் இருக்கே" என்றார் மாமியார், யாரிடமும் இல்லாமல்.

"உங்க மகன் பண்ணினதையும் சொல்லவா அத்தை? கப்பல்ல இருந்து போன் பண்ணி, 'பெனிட்டா, நீ ஏன் அலையறே, நான் ஆன்லைன்ல போடறேன்'னார். வந்துது. பெட்டியைப் பிரிச்சா ரெண்டும் இடது காலு. சரி, மனுஷன் ஆசையா அனுப்பியிருக்காரேன்னு போட்டுக்கிட்டு மீன் வாங்கப் புறப்பட்டேன். ரெண்டு காலும் இடது பக்கமே இழுக்குது. நிக்கவும் மாட்டேங்குது. கடைசியில திருச்செந்தூர்ல போய் நின்னேன்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிடி கிடைத்துவிட்டது. "இடது பக்கமே திரும்பிட்டிருந்தா வட்டம்தான் வரும். திருச்செந்தூர் எப்படி வரும்?"

"பெரிய வட்டம் டீச்சர்."

அண்ணாச்சி சிரித்தது கீழே தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அப்புறம் ஒருத்தர் சொன்னார், சர்க்கரைக்காரங்க போடற எம்.சி.ஆர். செருப்பு மெத்து மெத்துன்னு இருக்கும்னு. காலை வச்சேன். முழங்கால் வரைக்கும் உள்ள போயிட்டுது. அப்படி ஒரு சொகம். நின்னபடியே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கு."

டீச்சர் குனிந்து லெவினின் வாயைப் பார்த்தார். "ரெண்டு பல்லு இருக்கு" என்று அறிக்கை கொடுத்தார்.

"பொய்யா சொல்றேன்? கடைசியில நான் படிச்ச கான்வென்டுக்கே போயிட்டேன். உலகத்துலயே நல்ல செருப்பு யார் கால்ல இருக்கு தெரியுமா? கன்னியாஸ்திரிங்க கால்ல. தட்டை. கறுப்பு. துளி சத்தம் வராது. பெஞ்சுக்கு அடியில தலையை விட்டுப் புளியங்கா தின்னுட்டிருப்போம், நிமிந்தா சிஸ்டர் குளோத்தில்டா நிப்பாங்க. பரிசுத்த ஆவியோட வேலைன்னு நினைச்சுட்டிருந்தேன். பூரா ரப்பர் சோலோட வேலை."

மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்து ஒன்று போட்டார்.

"எங்க வாங்கினீங்க சிஸ்டர்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, 'அழைப்பு வரணும் மகளே'ன்னாங்க. செருப்புக்கா சிஸ்டர்னேன். 'முதல்ல மடத்துக்கு அழைப்பு வரும். செருப்பு கூடவே வரும்'னாங்க. எனக்குத்தான் கல்யாணம் ஆயிட்டுதே சிஸ்டர், கையில பிள்ளை வேற இருக்கேன்னேன். பெருமூச்சு விட்டாங்க. 'அடடா, மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா அஞ்சாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சே.'"

இதற்கு மேல் ஏறுவதற்கு ஒரு படிதான் பாக்கி. ஏறினேன்.

"நேத்து ஒரு செருப்பு கிடைச்சுது. அடிப்பாகம் லாரி டயரு. வழுக்காதாங்கன்னு கேட்டதுக்குக் கடைக்காரர் பயந்த மாதிரி தலையாட்டினார். போட்டு ஒரு எட்டு வச்சேன். காலைத் தூக்கினா கடை டைல்ஸ் கூடவே வருது. வாசலுக்கு வந்து இன்னொரு எட்டு. ரோடு வந்துட்டுது. நான் பாட்டுக்கு நடக்கறேன், பின்னால ரோடு பாய் மாதிரி சுருண்டுக்கிட்டே வருது. அதுல ஒரு பஸ் ஸ்டாப்பு, ஒரு டீக்கடை, டீ குடிச்சிட்டிருந்தவங்க ஆறு பேரு. அவங்க கிளாஸைக் கீழ வைக்கலை. மாநகராட்சியில இருந்து ஜீப் எடுத்துட்டு வந்தாங்க, ரோட்டைத் திருப்பிக் குடுன்னு கேக்கறதுக்கு. ரோடு என்கிட்ட இருக்கறதால ஜீப்பை எதுல ஓட்டறதுன்னு தெரியாம நின்னுட்டாங்க!"

டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு பிடிக்கிற செருப்பை ஏம்மா விட்டே?" என்றார்.

"கடிச்சுது அண்ணாச்சி."

அப்போதுதான் என் மாமியார், இவ்வளவு நேரமும் கதையில் ஒரு வரியைக்கூட மதிக்காதவர், தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, போடறதுக்கு முன்னால நீ அதைக் கடிச்சியா?"

"கடிக்கவா? நானா?"

"புதுச் செருப்பை முதல்ல நாம கடிச்சிரணும். அப்பத்தான் அது நம்மளைக் கடிக்காது. இதுகூடத் தெரியாம பதினாலு கடை ஏறினியாக்கும்?"

நான் டீச்சரைப் பார்த்தேன், அவராவது வாதாடுவார் என்று. டீச்சர் முகம் தெளிந்திருந்தது. "அதானே பாத்தேன். கடிக்காம எப்படிப் போடுவே? நான் எம்.எஸ்ஸி. படிக்கறப்பகூடக் கடிச்சுட்டுத்தான் போடுவேன்."

"எங்க வீட்டுல இன்னிக்கும் அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "வார்ல ஒரு கடி, குதிகாலுக்கு ஒரு கடி."

ரோட்டைச் சுருட்டியதை நம்பாத மூன்று பேரும் இதில் ஒரே மனதாக இருந்தார்கள்.

"கான்வென்ட்ல என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தாங்களோ" என்றார் மாமியார்.

"ஆப்பிளைக் கடிக்காதேன்னு மட்டும்தான் சொன்னாங்க அத்தை."

அண்ணாச்சி ஏணியைப் போட்டு ஏறி, மேல் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். கறுப்பு ஷூ. தட்டை. கனமான ரப்பர் அடி. "லேடீஸ்ல வராதும்மா. ஆனா ஆம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல் ஷூவுல அஞ்சாம் நம்பர் வரும். பயலுக மூணு படியை ஒரே தாவா தாவுவானுங்க. அவனுங்களுக்கே வழுக்காது."

"இதை முதல்லயே எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்திருந்தா லைட் ஹவுஸைப் பத்தி நான் யார்கிட்ட கேப்பேன்?"

மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெவினும். ஷூவை எடுத்தேன். கடித்தேன். ரப்பரும் தூசியும் ஏதோ பசையும் சேர்ந்த ருசி. "இன்னொரு காலும்" என்றார் டீச்சர், விடைத்தாள் திருத்துகிற குரலில். அதையும் கடித்தேன்.

போட்டுக்கொண்டு எழுந்தேன். மாமியாரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தந்தார்.

கடையின் படிக்கட்டு கிரானைட். பதினெட்டுப் படி. அப்போதுதான் துடைத்திருந்தார்கள். முதல் படியில் கால் வைக்கும்போது வாயில் ஒரு புளுகும் வரவில்லை. லெவின் என் காதைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது படி. மூன்றாவது. வழுக்கவில்லை. ஆறாவது படியில் மூச்சு வந்தது. பத்தாவது படியில் வாய் வந்துவிட்டது.

"பாத்தீங்களா அத்தை? ஷூ இல்லை இது. பூமாதேவியே ரெண்டு கையாலயும் என் காலைப் பிடிச்சுக்கிட்டு, போகாதே மகளேன்னு கெஞ்சறா! இந்தப் பிடிக்கு இமயமலையையே தலைகீழா இறங்கலாம்!"

பின்னாலிருந்து மாமியார் சொன்னார்: "பூமியுமில்ல, ஷூவுமில்ல. முதப் படியில இருந்து உன் சுடிதாரைப் பின்னால கொத்தாப் பிடிச்சுட்டு வாரேன். விடவா?"

இன்னும் எட்டுப் படி இருந்தது.

"வேண்டாம் அத்தை" என்றேன்.