நாவலாசிரியரின் பேனா

திருச்சியில் பேனா பழுது பார்க்கும் செல்லக்கிளியின் கடைக்கு, விருதுகள் பல வாங்கிய நாவலாசிரியர் அரங்கநாதர் தன் ரசிகர்களோடு வந்தார்.

"என் நாவலெல்லாம் எழுதின பேனா இது. இப்போ தாளைக் கீறுது. நிப்பைத் தேய்க்கவும் கூடாது, மாத்தவும் கூடாது. ஆனா பழையபடி எழுதணும்!" என்று வலது கையால் ஒரு வரி கிறுக்கிக் காட்டி அதட்டினார்.

செல்லக்கிளி லென்ஸ் வைத்து நிப்பைப் பார்த்தாள். பேனாவை இடது கையில் பிடித்து ஒரு வரி எழுதினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பேனா நல்லாத்தான் இருக்குங்கய்யா. நிப்பு தேஞ்சிருக்கிற சாய்வைப் பார்த்தா, இத்தனை வருஷமா இதுல எழுதினது இடது கை. உங்களுக்கு வலது கைப் பழக்கமாச்சே?"

ரசிகர்கள் சிரித்துவிட்டார்கள். அரங்கநாதர் தலை குனிந்தார்.

"என் மனைவிக்கு இடது கைப் பழக்கம்," என்றார் மெல்ல. "போன மாசம் தவறிட்டா."

இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று செல்லக்கிளிக்கு மனசு உறுத்தியது.

"இனிமேலாவது அவங்க பேரைப் புத்தகத்துல போடுங்கய்யா."

"அவ பார்க்கிற மாதிரி போட்டிருக்கணும்மா," என்றார் அவர்.