தனகோடியின் அதிசயப் புல்

வேளாண் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு கிளம்பிய மூக்கம்மா, கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கடாவையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே!

அங்கே புல் வியாபாரி தனகோடி மைக்கில் முழங்கினார்: "என் அதிசயப் புல்லைத் தின்னா எந்த ஆடும் உடனே ஒரு படி பால் கறக்கும்!"

கடாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு கட்டுப் புல்லைத் தின்று தீர்த்தது.

"தின்ன புல்லை அப்படியே திருப்பிக் குடு! இல்லேன்னா ஆடு எனக்கு!" என்று கயிற்றைப் பிடித்தார் தனகோடி.

"சாமி கடாவை எப்படித் தர முதலாளி? அந்த ஒரு படிப் பாலையும் நீங்களே கறந்துக்கிடுங்க" என்று மூக்கம்மா சோற்றுத் தூக்குவாளியைக் கழுவி நீட்டினாள்.

"கறங்க முதலாளி, கறங்க!" என்றது கூட்டம். தனகோடி குனிந்து பார்த்தார். கடாவும் திரும்பி அவரைப் பார்த்தது.

"ஓட்டிக்கிட்டுப் போ தாயே!" என்று கும்பிட்டார்.

மூக்கம்மா இழுத்தாள். கடாதான் நகரவில்லை. இன்னும் ரெண்டு கட்டு மிச்சமிருந்ததே!