கூரையிலிருந்து இறங்கிய சிலுவை

சண்டை நெருங்கி வந்த நாட்களில் வன்னியில் ஒரு பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் யோகமலர் என்ற தாதி. வார்டு என்றால் இரண்டாம் வகுப்பு அறை. கட்டில் என்றால் சேர்த்துப் போட்ட மேசைகள்.

டொக்டர் நவநீதன் வெள்ளைத் துணியில் பெரிய சிவப்புச் சிலுவை வரைவித்துக் கூரையில் விரிக்கச் செய்தார். "இதைக் கண்டா அடிக்க மாட்டாங்கள். உலகத்துக்கே பொதுவான சட்டம்."

வேவு விமானம் தலைக்கு மேலே வட்டமிட்டுப் போனது. மறுநாள் முற்றத்தில் ஷெல் விழுந்தது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மார் செத்தார்கள். அடுத்தது மருந்தறையை எரித்தது.

சிற்றூழியர் குணரத்தினம் யோகமலரைப் பார்த்துக் கத்தினார்: "மிஸ்ஸி, சிலுவைக் குறியைப் பாத்துத்தான் அடிக்கிறாங்கள். கழட்டுவம்!"

"கழட்டினா இது ஆஸ்பத்திரி எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் டொக்டர்.

அந்த நேரம் துவாரகன் என்ற ஐந்து வயதுப் பையனைத் தூக்கிவந்தார்கள். தொடை பிளந்து இரத்தம் கொட்டியது. கட்டுத்துணியெல்லாம் மருந்தறையோடு சாம்பலாகியிருந்தது. யோகமலர் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. குணரத்தினத்தைக் கூரையில் ஏற்றிச் சிலுவைத் துணியை இறக்கினாள். கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினாள். இரத்தம் நின்றது. பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் ஷெல் வார்டுக்குள்ளேயே விழுந்தது. துவாரகனும் பக்கத்தில் கிடந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

சண்டை முடிந்தபின் விசாரணைக்கு வந்த ஒரு கனவான், குளிரூட்டிய அறையில் யோகமலரை உட்காரவைத்தார். செத்த பிள்ளைகளின் பெயரை அவர் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக் குறியை இறக்கியது யார்?" என்றுதான் கேட்டார்.

வாசகரே, இப்போது நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். குறியை விரித்த டொக்டரா, இறக்கச் சொன்ன குணரத்தினமா, கிழித்துக் கட்டிய யோகமலரா? அந்தப் பிள்ளைகள் சாகக் காரணமான பிழையைச் செய்தது யார்?

விடை: மூவரில் ஒருவரைச் சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் கனவானின் கட்சி. யோகமலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இறக்கினது நான்தான். குறி இருக்கேக்கையும் விழுந்தது, இல்லாதபோதும் விழுந்தது. ஷெல் தானா வந்து விழேல்லை, ஐயா. அடிச்சவன் ஆர் எண்டு கேக்க உங்களுக்கு வாய் வரேல்லையோ?" கனவான் அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.