நரிக்குக் கட்டின பரிவட்டம்

ஒரு காட்டுல நடந்தது இது. ஒரு வார்த்தை கூடப் பொய்யில்ல, பிள்ளைகளா. பொய்யின்னா என் சோத்துல உப்பில்லாமப் போகட்டும்.

அந்தக் காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. நல்ல நாள்ல பார்த்தா தங்கம். தேனடை எடுத்தா அக்கம்பக்கத்துக்குப் பாதியைக் குடுத்துட்டுத்தான் தான் நக்கும். ஆனா அடிக்கடி தலைவலி வந்துரும். நெத்திப்பொட்டுல எவனோ அம்மி கொத்துற மாதிரி வலிக்கும். அன்னைக்குப் பூ உதிர்ந்தாக்கூட, "எவன்டா சத்தம் போடுறது?"ன்னு உறுமும். வலி விட்டதும், உறுமினதை நெனச்சு அதுவே வெக்கப்பட்டுக் குகையில குறுகி உக்காந்திருக்கும்.

அந்தக் குகை நல்ல இருட்டு, குளுகுளுன்னு இருக்கும். கரடித் தலைக்கு அது ஒண்ணுதான் மருந்து. அதுமேல நரிக்கு ஒரு கண்ணு.

நரி வாயைத் தொறந்தா வெல்லப்பாகு வழியும். காட்டுக்குப் பெரியவங்க யானையம்மா. அவங்ககிட்டப் போயி, "அம்மா, கரடிக்கு வலியும் இல்ல, கிலியும் இல்ல. எல்லாம் திமிரு. கோவப்பட்டுக் கோவப்பட்டே மண்டை சூடாகுது. என்னைப் பாருங்க, பொறந்ததுலேருந்து ஒருத்தரைக் கடிஞ்சு பேசினதில்ல. அதைக் காட்டை விட்டு அனுப்பிடுங்க. குகையை வேணும்னா நான் பார்த்துக்கிறேன்"னுச்சு.

பாறைமேல பஞ்சாயத்து கூடுச்சு. சுள்ளுன்னு வெயில். கரடி தலையைப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு.

"நீ என்னப்பா சொல்ற?"ன்னாங்க யானையம்மா.

"மெதுவாப் பேசுங்க."

"பார்த்தீங்களா, உங்களையே அதட்டுது"ன்னுச்சு நரி.

கரடி குகைப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. குகை போச்சுன்னா அடுத்த வலிக்குத் தலையைக் கொண்டு எங்க வைக்கிறது?

பக்கத்து வளை முயல் எந்திரிச்சுது. கரடி குடுத்த தேன்ல வளர்ந்த உடம்பு அது. "நரி மாமா, இவ்வளவு நல்ல குணத்தை வச்சுக்கிட்டு வெறுந்தலையோட நிக்கலாமா? பரிவட்டம் கட்டுறேன். நீங்களே தீர்ப்பும் சொல்லிடுங்க."

உச்சி குளுந்துபோய் நரி தலையை நீட்டுச்சு. முயல் ஈரமான மரநார் ஒண்ணை நரி நெத்தியைச் சுத்தி இழுத்துக் கட்டுச்சு.

"தீர்ப்பு சொல்றவரைக்கும் அவுக்கப்படாது மாமா, மரியாதைக்குக் கொறைச்சல். மொதல்ல எல்லாரும் வாழ்த்தட்டும்."

கிளி வாழ்த்துச்சு. மயில் அகவுச்சு. கொரங்குங்க கை தட்டுச்சுங்க. வெயில் ஏற ஏற நாரு காஞ்சு இறுகுச்சு. நரியோட சிரிப்பு கோணிக்கிட்டே போச்சு. "மாமா, என் பங்குக்கு ஒரு தாளம்"னு மரங்கொத்தி பக்கத்து மரத்துல ஆரம்பிச்சதும், "நிறுத்துடா நாயே"ன்னுச்சு நரி.

"என்னப்பா ஆச்சு?"ன்னு யானையம்மா குனிஞ்சாங்க.

"தூரப் போ கெழவி. மூஞ்சில மூச்சு விடாத."

யானையம்மா ரெண்டடி பின்னால போனாங்க.

"அந்த நல்ல குணம் எங்க மாமா?"ன்னுச்சு முயல்.

"மண்டை பொளக்குது, குணமா கேக்குற?"

யானையம்மா கரடியைத் திரும்பிப் பார்த்தாங்க. "குகை உனக்குத்தான்ப்பா"ன்னாங்க, ரொம்ப மெதுவா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கரடி சிரிக்கல. நகத்தால நாரை அறுத்து எறிஞ்சுட்டு, நரியைத் தோள்ல சாச்சுக் குகை இருட்டுக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. வாசல்ல நின்னு திரும்பிச் சொல்லுச்சு:

"கத்தாதீங்கடா. அவனுக்குத் தலை வலிக்குது."

நீதி: ஒருத்தன் மூஞ்சி சுளிச்சா குணத்தைத் திட்டாதே, எங்க வலிக்குதுன்னு கேளு.

கதை கேட்டாச்சுல்ல? கதைக்குக் கூலியா ஆளுக்கொரு முறுக்கு எடுத்து வச்சுட்டு எந்திரிங்க. ஒடைஞ்ச முறுக்கு செல்லாது.