தேர் நின்ற வாசல்

மருதங்குளத்தில் பள்ளிக்கூடம் தேரோடும் வீதியில் இருந்தது. அந்த வீதியில் காலனிக்காரர்கள் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சடையாண்டி, மகள் பவுனுத்தாயைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது தர்மகர்த்தா நல்லபெருமாள் சிரித்தார்.

"தேர் வீதியில நிக்கிற வரைக்கும்தாம்லே உங்க காலுக்குத் தீட்டில்ல. அது நிலைக்குப் போயிட்டா நீங்களும் போயிரணும். தெரியாதா?"

"இந்த வருசமும் அப்படித்தானா, சாமி?"

"எந்த வருசமும் அப்படித்தாம்லே!"

ஆனித் தேருக்குக் காலனியே வடம் பிடித்தது. பள்ளிக்கூட வாசலில் சடையாண்டி கட்டையைப் போட்டார். தேர் நின்றது. காலனி சனம் வடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. கட்டையை உருவத் தெரிந்தவர் சடையாண்டி ஒருவர்தான்; மற்றவர்கள் மூச்சு முட்ட இழுத்தும் தேர் அசையவில்லை.

மறுநாள் பள்ளி திறந்தது. காலனிப் பிள்ளைகள் சிலேட்டோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். தர்மகர்த்தா ஓடிவந்தார்.

"எவம்லே இவங்கள உள்ள விட்டது?"

"நீங்கதான் சாமி. தேர் இன்னும் வீதியிலதான நிக்குது?" என்றார் சடையாண்டி.

தேரிலிருந்த அம்மன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். ஊரே தர்மகர்த்தாவைப் பார்த்தது.

"கட்டைய எடுலே. தேர் நின்னாலும் போனாலும் பிள்ளைக வரட்டும்."

"வாத்தியார் காதுல விழல சாமி."

தர்மகர்த்தா உரக்கச் சொன்னார். சடையாண்டி கட்டையை உருவினார். தேர் நிலைக்குப் போனது. பவுனுத்தாய் வகுப்பிலேயே இருந்தாள்.